வட டகோட்டாவில் கார் வைத்திருப்பது: பல குளிர்காலங்கள் ஓட்டிய பிறகு தெரிவது

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், மேற்குப் பக்கச் சிற்றூர்களில் காரை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. மேற்கிலுள்ள டிக்கின்சனிலிருந்து மாநிலத் தலைநகர் பிஸ்மார்க் சுமார் 100 மைல். 14 வயதிலேயே பழகுநர் உரிமம் வாங்கலாம். இங்கே மைலேஜ், சொகுசு எல்லாம் அப்புறம்தான். ஜனவரிக் காலையில் கிளம்புகிறதா என்பதே முதல் கேள்வி.

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பேட்டரியின் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதே குளிரில் ஆயிலும் கெட்டியாகி, இன்ஜினைச் சுழற்றக் கூடுதல் வலு கேட்கும். பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் சி.சி.ஏ. எண், அதாவது குளிரில் இன்ஜினைக் கிளப்ப அது தரும் மின்னோட்டம், அந்த மைனஸ் 18-இல் அளந்ததுதான். கார்க் கையேடு சொல்வதைவிடக் குறைந்த எண் வேண்டாம். நான்கு வயதைத் தாண்டிய பேட்டரியை அக்டோபரிலேயே லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்துவிடுங்கள்.

அடுத்து பிளாக் ஹீட்டர். இன்ஜினுக்குள் இருக்கும் கூலன்டை (குளிர்விக்கும் திரவத்தை) மின்சாரத்தில் சூடாக்கும் சின்னச் சாதனம் இது. 400 வாட்டிலிருந்து கிடைக்கிறது. இரவு முழுக்கச் சொருகி வைப்பது கரண்ட் வீண். டைமர் போட்டு, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் ஓடவிட்டால் போதும். கெட்டுப்போவது பெரும்பாலும் ஹீட்டர் அல்ல, முன்னால் தொங்கும் பிளக். சாலை உப்பு ஏறிப் பின்கள் அரித்து, பிடி தளர்ந்து, சூடேறி உருகும். கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி என்றால் மைனஸ் 37 வரை உறையாமல் தாங்கும். கடுங்குளிர் இரவுகளுக்கு கூலன்ட் 60, தண்ணீர் 40 என்ற கலவை நல்லது.

டயர் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் பனியில் கிளம்ப உதவும், பிரேக் பிடிக்க உதவாது. அதற்குக் குளிர்கால டயர்தான் வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் சுபாரு போன்ற கார்களில் இன்னொரு செலவும் உண்டு. நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. சரளைச் சாலையில் ஒரு கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால், மற்ற மூன்றும் தேய்ந்திருக்கும் பட்சத்தில் நான்கையும் மாற்ற வேண்டி வரும். புதுக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னிக்குப் பதில் பசையும் காற்றடிக்கும் பம்ப்பும்தான் தருகிறார்கள்; பக்கச்சுவர்க் கிழிசலை அது அடைக்காது. செல்போன் சிக்னல் இல்லாத சாலையில் ஓட்டுகிறவர்கள் முழு அளவு ஸ்டெப்னியைத் தனியாகவாவது வாங்கிப் போடுங்கள், மன்றாடிக் கேட்கிறோம்.

நவம்பர் மான்களின் இனச்சேர்க்கைக் காலம். விடியலிலும் அந்தியிலும் சாலைக்குக் குறுக்கே பாயும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும். பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். மானை இடித்தால் பொதுவாகக் காம்ப்ரிஹென்சிவ் காப்பீடு (மோதல் அல்லாத சேதங்களுக்கானது) பணம் தரும். விலகப்போய் மரத்தில் மோதினால் அது கொலிஷன், அதாவது மோதல் காப்பீட்டுக் கணக்கு. பழைய காருக்குப் பலர் அதை எடுத்திருக்கவே மாட்டார்கள்.

கிளம்பும்முன் சாலைத் தகவல் எண்ணான 511-ஐ அழைத்து நிலவரம் கேளுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். பனியில் சிக்கிவிட்டால் முதலில் சைலன்சர் வாயிலிருக்கும் பனியைத் தோண்டி எடுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டி, காற்று போகும் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இறங்கி நடக்க வேண்டாம். தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கார்தான்.