சட்டம் போட்ட லியனா, ஒப்பந்தம் போட்ட லியனா: போர்ட்டோ ரிக்கோ பாண்டுகளை வச்சு ஒரு அலசல்

மியூனி பாண்ட், அதாவது அமெரிக்காவுல மாநிலம், நகராட்சி, அரசு கார்ப்பரேஷன் எல்லாம் கடன் வாங்க விக்குற பாண்ட், வாங்குறவங்க பெரும்பாலும் பாக்குறது ரெண்டே விஷயம்தான், வட்டி எவ்ளோ, எந்த வருமானத்தை ப்ளெட்ஜ் பண்ணிருக்காங்க, அதாவது கடனுக்கு அடகா காட்டிருக்காங்க. சேல்ஸ் டாக்ஸா, டோலா, கரண்ட் பில்லான்னு பாத்துட்டு ஓகேன்னு வாங்கிடுறாங்க. ஆனா அந்த அரசு கார்ப்பரேஷன் திவாலுக்குப் போச்சுன்னா கோர்ட்ல எல்லாரும் அடிச்சுக்குறது வேற ஒரு கேள்விக்கு: அந்த வருமானத்து மேல லியன், அதாவது கடனுக்கு ஈடா அதைப் பிடிச்சுக்குற உரிமை, எப்படி வந்துச்சு? சட்டசபை போட்ட சட்டத்தாலயே வந்துச்சா, இல்ல பாண்ட் ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்ததால வந்துச்சா?

நம்ம ஊர் பேங்க்ல எஃப்.டி மேல லோன் வாங்குனா லியன் போட்டு வைப்பாங்கல்ல, அது ஏற்கனவே பேங்க் கைல இருக்குற பணம், அதுல சிக்கலே இல்ல. இங்க லியன் போடுறது அடுத்த வருஷமும் இருபது வருஷம் கழிச்சும் வரப்போற பணத்து மேல. அமெரிக்க திவால் சட்டத்துல 552ன்னு ஒரு செக்‌ஷன் இருக்கு, திவால் மனு போட்ட தேதிக்கு அப்புறம் கைக்கு வர்ற சொத்து மேல, முன்னாடி போட்ட ஒப்பந்தத்தால வர்ற லியன் ஒட்டாதுன்னு அது சொல்லுது. ஒப்பந்த லியனுக்கு மட்டும்தான் இது. சட்டமே நேரா போட்ட லியனை, அதாவது ஸ்டேட்யூட்டரி லியனை, இந்த செக்‌ஷன் தொடாது. இன்னொரு தப்பிக்குற வழி ஸ்பெஷல் ரெவென்யூ. தண்ணி, கரண்ட், ரோடு மாதிரி ஒரு சிஸ்டத்தை நடத்தி வர்ற வருமானமா இருந்தா 1988ல கொண்டு வந்த 928ஆம் செக்‌ஷன்படி மனுவுக்கு அப்புறமும் லியன் தொடரும். ஆனா அந்த சிஸ்டத்தை நடத்துற அவசிய செலவு போகத்தான் பாண்ட்காரனுக்கு.

ஆக சட்ட லியன், ஸ்பெஷல் ரெவென்யூ, வெறும் ஒப்பந்த ப்ளெட்ஜ்னு மூணு வகை. மூணையும் ஒரே இடத்துல பாக்கணும்னா அமெரிக்காவுக்குக் கீழ இருக்குற, ஆனா மாநிலம் இல்லாத தீவு, போர்ட்டோ ரிக்கோதான். 7,000 கோடி டாலருக்கு மேல கடன், சாதாரண நகராட்சி திவால் வழிய அந்தத் தீவு பயன்படுத்த முடியாதுங்குறதால 2016 ஜூன்ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ப்ரொமேசான்னு தனி சட்டமே போட்டு, மேல சொன்ன செக்‌ஷன்களை அதுக்குள்ள இழுத்துக்கிட்டு வந்தாங்க. 2017ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா மனு. எல்லாம் ஒரே ஜட்ஜ் முன்னாடி, லாரா டெய்லர் ஸ்வெய்ன்.

மோசமா அடி வாங்குனது அரசு ஊழியர் ஓய்வூதிய சிஸ்டம், இ.ஆர்.எஸ். 2008ல கிட்டத்தட்ட 290 கோடி டாலருக்கு பாண்ட் வித்தாங்க, அரசு ஆபீஸ்கள் ஊழியர்களுக்காக கட்டுற பங்களிப்பு மேல ப்ளெட்ஜ். அந்தப் பங்களிப்பைக் கட்டணும்னு சட்டம் இருக்கு, ஆனா லியனை உண்டாக்குனது சட்டம் இல்ல, பாண்ட் தீர்மானம். இந்த ஒரு வித்தியாசத்துலதான் எல்லாமே போச்சு. மனு தேதிக்கு அப்புறம் வர்ற பங்களிப்பு மேல லியன் கிடையாது, பென்ஷன் பங்களிப்பு ஸ்பெஷல் ரெவென்யூவும் இல்லன்னு 2020 ஜனவரில அப்பீல் கோர்ட்டும் சொல்லிடுச்சு. 2021 செட்டில்மெண்ட்ல அவங்களுக்குன்னு ஒதுக்குனது 37.3 கோடி டாலர் சுத்தி. வருமானம் சட்டப்படி வர்றது வேற, லியன் சட்டப்படி வர்றது வேற, இதை யாராவது அன்னைக்கே அந்த முதலீட்டாளர்களுக்கு எடுத்துச் சொல்லிருக்கணும்.

அடுத்து மின்சார வாரியம், ப்ரெப்பா. இது சட்ட லியன் இல்ல, 1974ல போட்ட ட்ரஸ்ட் ஒப்பந்தத்துலேர்ந்து வர்ற உரிமை, ஆனா கரண்ட் வருமானம்ங்குறதால ஸ்பெஷல் ரெவென்யூ. எந்தப் பணத்து மேல லியன்னு அந்த ஒப்பந்தத்துல பளிச்சுன்னு இல்ல, அங்கதான் வம்பு. 2023 மார்ச்ல ஸ்வெய்ன் சொன்னது, பாண்ட் கடனை அடைக்க தனியா பணம் சேத்து வைக்குற சிங்கிங் ஃபண்ட்லயும் அது சார்ந்த கணக்குலயும் போய் விழுந்த பணத்து மேல மட்டும்தான் லியன், மிச்சத்துக்கு அடமானம் இல்லாத கடன்காரங்கதான் நீங்க, அதோட மதிப்பு கிட்டத்தட்ட 240 கோடி டாலர்னு ஜூன்ல கணக்கும் போட்டுட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு, 2024 ஜூன்ல, அப்பீல் கோர்ட் அதை அப்படியே திருப்பிப் போட்டுச்சு. செலவு போக மிஞ்சுற வருமானம் முழுசுலயும், இனி வரப்போறதுலயும் லியன் உண்டு, கிளெய்ம் கிட்டத்தட்ட 850 கோடி டாலர் முழுசும் செல்லும்னு. ஒரே பேப்பரைப் படிச்சுட்டு ஒரு கோர்ட் 240 கோடிங்குது, இன்னொண்ணு 850 கோடிங்குது. ஒப்பந்த லியனோட ரிஸ்க் இதான்.

ஸ்பெஷல் ரெவென்யூல இன்னொரு ஓட்டையும் இருக்கு. கேஸ் நடக்கும்போதும் வட்டி தடைபடாம வரும்னுதான் மார்க்கெட் முப்பது வருஷமா நம்பிட்டு இருந்துச்சு. போர்ட்டோ ரிக்கோ ஹைவே கார்ப்பரேஷன் கேஸ்ல, 2019 மார்ச்ல, கட்ட விருப்பம் இருந்தா கட்டலாம், கட்டித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்லன்னு அப்பீல் கோர்ட் தீர்ப்பு குடுத்துடுச்சு. உரிமை இருக்கும், பணம் வருஷக்கணக்குல வராது. ரிட்டயர் ஆகி அந்த வட்டிய நம்பி இருக்குறவங்களுக்கு அந்த உரிமைய வச்சு மாசச் செலவை ஓட்ட முடியுமா?

இப்ப கோஃபினா, சேல்ஸ் டாக்ஸைக் காட்டி கடன் வாங்குறதுக்குன்னே இருந்த போர்ட்டோ ரிக்கோ அரசு கார்ப்பரேஷன். சேல்ஸ் டாக்ஸ்ல ஒரு பங்கு இந்தக் கார்ப்பரேஷனோட சொத்துன்னே சட்டத்துல எழுதி 1,700 கோடி டாலருக்கு மேல பாண்ட் போட்டாங்க. திவால் வந்ததும் அந்த வரி யாரோடது, தீவு அரசோடதா கோஃபினாவோடதான்னே சண்டை வந்து, கடைசில கோஃபினாவுக்கு 53.65 சதவீதம்னு பிரிச்சு 2019 பிப்ரவரில ப்ளான் ஓகே ஆச்சு. பணம் வாங்குற வரிசைல முதல்ல இருக்குற சீனியர் பாண்டுக்கு டாலருக்கு 93 சென்ட், அதுக்கு அடுத்து வர்ற ஜூனியருக்கு 56 சென்ட். என்னைப் பொறுத்தவரைக்கும் இதுல முக்கியம் அந்த சென்ட் கணக்கு இல்ல. புதுசா குடுத்த கிட்டத்தட்ட 1,200 கோடி டாலர் பாண்டுக்கு 2018ல தனி சட்டம் போட்டு, ஸ்டேட்யூட்டரி லியன்னே வெளிப்படையா எழுதி வாங்கிட்டாங்க. இவ்ளோ அடிபட்டு வந்த வக்கீல்கள் உக்காந்து யோசிச்சு கடைசில கேட்டது அதைத்தான்.

அதனால மூணுல எது பலம்னு கேட்டா சட்ட லியன்தான், எனக்கு அதுல சந்தேகம் இல்ல. ஆனா சட்டத்துல லியன்னு ஒரு வார்த்தை இருந்தா போதும்னு நினைச்சுடக் கூடாது. லியன் சட்டத்தால மட்டுமே பிறக்கணும், ப்ளெட்ஜ் பண்ணிக்கலாம்னு அனுமதி மட்டும் குடுக்குற சட்டம் எடுபடாது. கலிஃபோர்னியா ஆரஞ்ச் கவுண்டி 1994 டிசம்பர்ல திவாலானப்போ இதே தகராறு, திவால் கோர்ட் ஸ்டேட்யூட்டரி லியன் இல்லன்னுச்சு, மேல் கோர்ட் உண்டுன்னுச்சு. இந்தக் குழப்பமே வேணாம்னு கலிஃபோர்னியா 2015ல ஜெனரல் ஆப்ளிகேஷன் பாண்டுக்கு, அதாவது ஒரு தனி சிஸ்டத்தோட வருமானத்தை இல்லாம பொது வரியை நம்பி விக்குற பாண்டுக்கு, வரி வருமானத்து மேல லியன் தானா வரும்னு தெளிவா சட்டமே போட்டாங்க. இன்னொண்ணு, சட்ட லியன் இருந்தாலும் கேஸ் நடக்கும்போது போய் பணத்தை எடுத்துக்க முடியாது, திவால் மனு போட்டதும் வசூலுக்கு விழுற தடை, அந்த ஸ்டே, ஸ்டேதான்.

பாண்ட்காரனுக்கு நல்லதா இருக்குறது ஊருக்கு நல்லதான்னும் கேக்கணும். ரோட் ஐலண்ட்ல சென்ட்ரல் ஃபால்ஸ்னு சின்ன ஊர். 2011 ஜூலைல மாநிலம் அவசரமா ஒரு சட்டம் போட்டு பாண்ட்காரங்களுக்கு வரி வருமானத்து மேல லியன் குடுத்துச்சு, ஆகஸ்ட் 1ஆம் தேதி ஊர் திவால் மனு போட்டுச்சு. பாண்டுக்கு முழுப் பணமும் வந்துச்சு, ரிட்டயர் ஆன போலீஸ்காரங்க, தீயணைப்புக்காரங்க பென்ஷன்ல 55 சதவீதம் வரைக்கும் வெட்டு விழுந்துச்சு. கடன் குடுத்தவன் மார்க்கெட்ல ரிஸ்க் தெரிஞ்சு குடுத்தவன், பென்ஷன்காரர் அப்படி இல்ல. மனு போடுறதுக்கு சில வாரம் முன்னாடி பழைய பாண்டுக்கும் சேத்து லியன் குடுக்குற சட்டத்தை நான் நியாயம்னு சொல்ல மாட்டேன். பாண்ட் விக்குற அன்னைக்கே, ஊர் உலகத்துக்குத் தெரியுற மாதிரி, இந்த வரில இவ்ளோ பங்குதான்னு அளவு போட்டுக் குடுக்குற கோஃபினா மாதிரி லியன் பரவாயில்ல.

ப்ரெப்பா கேஸ் 2017 ஜூலைல ஆரம்பிச்சது, 2024 தீர்ப்போடயும் முடியல. செலவு போக மிஞ்சுறது மேல லியன் உண்டுன்னு ஆயிடுச்சு, ஆனா மரியா புயல்ல சாஞ்ச கம்பத்தை நட்டு, ஆயிலுக்கு காசு கட்டி, பில்லை இன்னும் ஏத்துனா ஜனங்க தாங்குவாங்களான்னு பாத்து, அதுக்கப்புறம் என்ன மிஞ்சும்னு இனிமேதான் கணக்குப் போடணும்.