எண்ணைப் பார்ப்பதா, கட்டுரையைப் படிப்பதா? கோத்தகிரியில் ஒரு தேர்வுக்குழுவின் கதை

மலைச்சூழல் ஆய்வுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையின் தேர்வுக்குழுவில் நான் மூன்றாவது ஆள். இந்த முறை 14 விண்ணப்பம், 2 பேருக்குத்தான் பணம். யாருக்குக் கொடுப்பது என்பதை விடுங்கள், எதை வைத்து முடிவு செய்வது என்று பேசியே கோத்தகிரியில் ஒரு மழைநாள் முழுக்கப் போய்விட்டது. மூன்று வழி இருந்தது: இதழின் இம்பேக்ட் ஃபேக்டர், ஆளின் எச்-இண்டெக்ஸ் (இரண்டுமே, ஒரு கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதிலிருந்து வரும் எண்கள்), இல்லையென்றால் ஆளுக்கு மூன்று கட்டுரை வாங்கி உட்கார்ந்து படிப்பது. நாங்கள் படித்தோம். எண்கள் ஆய்வின் ஆன்மாவைக் காட்டாது என்கிற வழக்கமான காரணத்துக்காக அல்ல.

இம்பேக்ட் ஃபேக்டரைச் சீக்கிரமே தள்ளிவிட்டோம். முந்தைய 2 ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி அது. இதழை அளப்பது, எழுதியவரை அல்ல. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற இதழுக்கு 2008இல் 2.051 ஆக இருந்தது 2009இல் 49.926 ஆனது, படிகங்களின் அமைப்பைக் கண்டறியும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றிய ஒரே ஒரு கட்டுரையை எல்லாரும் மேற்கோள் காட்டியதுதான் காரணம். பக்கத்துப் பக்கத்தில் எழுதியவர்களுக்கும் ஓசியில் ஐம்பது! அப்புறம் அந்த 2 ஆண்டுக் கணக்கு நம் மலைக்கு ஒத்துவராது. உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழுவை நீலகிரியில் கண்டது 1961இல். அதன் கூடு மண்ணில் இருபது வருடம்கூடக் கிடக்கும். அதைப் பற்றிய வயல் சோதனையை 2 ஆண்டுக்குள் யார் மேற்கோள் காட்டப் போகிறார்கள்?

எச்-இண்டெக்ஸ் அவ்வளவு லேசில் விழவில்லை. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு: எச் 12 என்றால், குறைந்தது 12 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் 12 இருக்கின்றன. வயதானவருக்குச் சாதகம், ஒருமுறை ஏறினால் இறங்காது, இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் விடவில்லை. "சார், எல்லாருக்கும் ஒரே தராசு. நாளைக்கு யாரும் சிபாரிசு என்று சொல்ல முடியாது பாருங்கள்." அதை நான் இன்னும் மறுக்கவில்லை.

சரி, எல்லாருடைய எச்-இண்டெக்ஸையும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தோம், பெயரிலேயே சிக்கினோம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் தரவுத்தளமோ கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. சோலைக்காட்டு மரங்களைப் பற்றி எழுதிய ஒரு பெண், கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். ஒரு வெளிநாட்டு இதழ் குடும்பப் பெயர் கட்டாயம் என்றதால் அதில் அப்பாவின் பெயரே இவர் பெயராக நிற்கிறது. சந்தா கட்டிப் பார்க்கும் தளத்தில் இவர் 3 பேர்: எச் 4, 3, 1. ஒட்டிப் பார்த்தால் 6. இன்னொருவர் எஸ். குமார் வகையறா, அதே பெயரில் எத்தனையோ பேர். இலவசத் தளத்தில் அவருக்கு 19, உள்ளே போனால் பாதி இதயநோய்க் கட்டுரைகள்! அவர் ஏமாற்றவில்லை, தானாகச் சேர்த்துக்கொள் என்ற வசதியை அணைக்காமல் விட்டிருக்கிறார். களையெடுத்தபின் 8. இதற்கென்றே 2012இல் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஆர்கிட் என்று 16 இலக்க அடையாள எண் வந்தது, நல்ல ஏற்பாடுதான், ஆனால் எங்கள் 14 பேரில் 5 பேரிடம்தான் இருந்தது, அதிலும் 2 பேருடையது உள்ளே காலி.

ஒருவரின் பட்டியலைச் சுத்தம் செய்ய ஒன்றரை மணி நேரம் பிடித்தது, கரண்ட் போன நேரத்தைக் கழித்து. அதே ஒன்றரை மணியில் மூன்று கட்டுரைகளின் செய்முறையையும் முடிவையும் படித்துவிடலாம். நான் குழுவில் சொன்னது இவ்வளவுதான். எண் சீக்கிரம் கிடைக்கும் என்பதுதானே அதன் பெரிய லாபம்? அந்த லாபம் நம் பெயர்களிடம் வந்ததும் போய்விடுகிறது.

படித்ததில் வேறு சிலவும் தெரிந்தன. நீர்ச்சுனைகளைப் பற்றிய ஒரு கட்டுரை முழுவதும் ஒரே ஒரு கோடையின் அளவை நம்பி நின்றது. அதன் மேற்கோள் எண்ணிக்கையோ பிரமாதம். கட்டுரைக்கு அரைப்பக்கம், 'இதில் நீங்கள் செய்தது என்ன' என்றும் எழுதி வாங்கினோம். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் 5,154 பேர் பெயர் இருக்கிறது, எச் கணக்கில் அத்தனை பேருக்கும் அது முழுசாக ஒன்று. நம் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனாலும் மூன்றாவது பெயராக இருந்தவர்தான் காடு முழுக்க நடந்தவர் என்பது அந்த அரைப்பக்கத்தில்தான் தெரிந்தது.

குறையும் சொல்கிறேன். நாங்கள் இருவர் செடிகொடி ஆட்கள், நீர் வேதியியல் பிடிபடாமல் வெளியே ஒருவரிடம் அனுப்பினோம். பேராசிரியருக்குத் தெரிந்த மாணவரின் விண்ணப்பம் வந்தபோது அவர் எழுந்து வெளியே போனார். மூன்று பேர் குழுவில் ஒருவர் எழுந்தால் மிச்சம் இரண்டுதான். 140 விண்ணப்பம் வந்தால் இது நடக்குமா? சந்தேகம்தான். துறைவாரியாகச் சரிக்கட்டிய குறியீடுகளை நான் பயன்படுத்தியதில்லை, அதனால் அதில் வாய் திறக்கவில்லை.

எண்ணை ஒரேயடியாகத் தூக்கிப் போடவும் இல்லை. ஆய்வை மதிப்பிட எண்களை எப்படிப் பயன்படுத்துவது என்று 2015இல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கையின் பத்து விதிகளில் ஒன்று, மதிப்பிடப்படுபவரே தன் தரவைச் சரிபார்க்க வழி வேண்டும் என்பது. அதன்படி அவரவர் கட்டுரைப் பட்டியலை அவரவருக்கே அனுப்பினோம். ஒருவரிடமிருந்து 2 பக்கத் திருத்தம் வந்தது.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டியாகிவிட்டது: 'உங்கள் பெயர் இதுவரை எந்தெந்த வடிவங்களில் அச்சாகியிருக்கிறது?' நான் மூன்று வரி இடம் விட்டேன். குழுவின் தலைவர் மேடம், தன் கட்டுரைகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, ஐந்தாக்கச் சொன்னார்.