செல்ஃப் ஸ்டோரேஜ் வாடகைதாரரைத் தக்கவைக்க மின்னஞ்சல்: பல மாதப் பயன்பாட்டில் தெரிய வருபவை

செல்ஃப் ஸ்டோரேஜ் என்பது சாமான் வைக்கப் பூட்டக்கூடிய தனி அறையை (யூனிட்) வாடகைக்கு விடும் தொழில். அமெரிக்காவில் இதன் ஒப்பந்தம் பெரும்பாலும் மாதக் கணக்குதான். முன்கூட்டிச் சொல்லிவிட்டு எந்த மாதமும் பூட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம். புது ஆளைப் பிடிக்க விளம்பரத்தில் பணத்தைக் கொட்டுவதைவிட இருப்பவரை இன்னும் நாலு மாதம் இருக்க வைப்பது லாபம் என்று மெயில் மென்பொருள் விற்பவர்கள் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் கூடவே அவர்கள் தரும் மாதாந்திரச் செய்திமடல் இந்தத் தொழிலுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது.

துணிக்கடை மெயில் அனுப்பினால் வாங்கும் ஆசை வரும். ஸ்டோரேஜ் மெயில் போனால், "அந்தப் பழைய சோபாவுக்கா மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்?" என்ற கேள்விதான் வரும். "எங்களிடம் வந்து ஓராண்டு நிறைவு, வாழ்த்துகள்" என்ற மெயில் இதில் மிக மோசம். அதுவரை கட்டியதை அவரே கூட்டிப் பார்ப்பார். அதற்காக, மறந்தவரை மறக்கவே விடுவோம் என்பதும் சரியல்ல. வாடகை உயர்வுக் கடிதம் போகும் நாளில் அவர் எப்படியும் விழித்துக்கொள்வார், அப்போது கோபத்தோடு விழிப்பார். அனுப்பும் மெயில் ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு பயன் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தேறுபவை சிலதான்.

முதலாவது, குடிவந்த அன்று போவது. கேட் திறக்கும் நேரம், காப்பீட்டுச் சான்று, பில் தேதி, அலுவலக எண் இருந்தால் போதும். கேட் கோடையும் யூனிட் எண்ணையும் ஒரே மெயிலில் எழுதாதீர்கள். அந்த மெயில்பெட்டி வேறு யார் கைக்காவது போனால் திருடனுக்கு வேலை மிச்சம். முகவரி சரிதானா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். அவர் கவுன்ட்டரில் நிற்கும்போதே மெயிலை அனுப்பி, போனில் திறந்து "கிடைத்தது" என்று பதில் போடச் சொல்லுங்கள். 'ஜிமெயில்' எழுத்து மாறிப்போன முகவரிகள் அங்கேயே சிக்கும். பதில் வந்த முகவரிக்கு அடுத்த மெயில்கள் ஸ்பேமுக்குப் போகும் வாய்ப்பும் குறையும்.

இரண்டாவது, ஆட்டோபே, அதாவது கார்டிலிருந்து வாடகை தானாகப் பிடிக்கப்படும் வசதி பற்றியது. முதல் முழு மாத பில்லுக்கு 5 நாள் முன்பும், கார்டு காலாவதியாக 30 நாள் இருக்கும்போதும் அனுப்ப வேண்டியது. கார்டு மறுக்கப்பட்டு, தாமதக் கட்டணம் ஏறி, மனக்கசப்பில் காலி செய்பவர்கள் உண்டு. இந்த ஒரு மெயில் அதைத் தடுக்கும்.

மூன்றாவதைப் பலர் அனுப்பத் தயங்குகிறார்கள்: சின்ன யூனிட்டுக்கு மாறலாம் என்று நாமே சொல்வது. 10 மாதத்துக்கு மேல் இருப்பவர், 10-க்கு 15 அடி அல்லது அதைவிடப் பெரிய யூனிட், வீட்டுச் சாமான் வைத்திருப்பவர் என்று வடிகட்டுங்கள். வாடகை உயர்வுக்கு ஒரு மாதம் முன்பே போக வேண்டும். 10-க்கு 20 அடியிலிருந்து 10-க்கு 10 அடிக்கு மாறினால் எவ்வளவு மிச்சம் என்பதை டாலரில் எழுதுங்கள். சாமானை மாற்ற 14 நாள் இரண்டு யூனிட்டும் ஒரே வாடகையில், தள்ளுவண்டி இலவசம் என்றால்தான் ஆள் அசைவார். வருமானம் குறைகிறதே என்று தோன்றும். முழுதாகக் காலியாவதைவிடக் குறைந்த வாடகை மேல். விடுபட்ட பெரிய யூனிட்டையும் வேறொருவருக்கு விடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அனுப்பும் நாளில் சின்ன யூனிட் காலி இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பினால், மாறும் எண்ணத்தை நாமே விதைத்து எதிர்க்கடைக்கு அனுப்பியதாகிவிடும்.

கல்லூரி ஊர்களில் இன்னொன்று சேரும். மே மாதம் வைத்து ஆகஸ்டில் எடுக்கும் மாணவர்களுக்கு ஜூலை நடுவில், குளிர்கால உடையையும் சைக்கிளையும் 5-க்கு 5 அடியில் தொடர்ந்து வைக்கலாம் என்று ஒரு மெயில்.

வாடகை உயர்வு மெயில் படமில்லாமல், வெறும் எழுத்தில் இருக்கட்டும். பழைய வாடகை, புதிய வாடகை, எந்தத் தேதியிலிருந்து, யாரை அழைப்பது என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அதில் சலுகைக் கூப்பனை ஒட்டாதீர்கள். அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பேம் சட்டப்படி, சப்ஜெக்ட் வரியோ தொடக்கமோ விளம்பரம் போலத் தெரிந்தால் அந்த மெயிலே விளம்பரமாகக் கருதப்படலாம். விளம்பர மெயிலில் அஞ்சல் முகவரியும் விலகும் வழியும் இருக்க வேண்டும். விலகக் கேட்டால் 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். பில்லும் விளம்பரமும் ஒரே பட்டியலில் இருந்தால், விளம்பரம் வேண்டாம் என்றவருக்கு பில்லும் நின்றுவிடும். பிறகு வாடகை நிலுவை, யூனிட்டுக்கு நாம் போடும் பூட்டு, சாமானை ஏலம் விடும் நோட்டீஸ். பில்லையும் விளம்பரத்தையும் தனித்தனிப் பட்டியலில், தனித்தனி துணை டொமைனில் (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயரின் உட்பிரிவு) ஓட்டுங்கள். ஏல நோட்டீஸை மெயிலை மட்டும் நம்பி விடாதீர்கள். ஃப்ளோரிடா சட்டம் மெயிலை ஏற்கிறது. ஆனால் பதிலோ சேர்ந்ததற்கான சான்றோ வராவிட்டால் தபாலிலும் அனுப்பியாக வேண்டும்.

மெயில் போய்ச் சேராததற்கு அடிக்கடி கண்ணில் படும் காரணம் எஸ்பிஎஃப் பதிவு, அதாவது நம் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி. பில் மென்பொருளுக்கு ஒன்று, மார்க்கெட்டிங் மென்பொருளுக்கு ஒன்று என ஒரே டொமைனில் இரண்டு பதிவு போட்டால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் இணைக்க வேண்டும், அதிலும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயிலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்) கேட்கிறது. ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளில் 5000 மெயில் தொட்டால் இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். பல கிளைகள் ஒரே டொமைனில் இருந்தால் எண்ணிக்கை சேர்த்தே கணக்கிடப்படும்.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற திறப்பு விகிதத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்தே அதை எண்ணுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி படங்களை முன்கூட்டியே இறக்குவதால், படிக்காத மெயிலும் திறந்ததாகப் பதிவாகிறது. காலி செய்தவர் எண்ணிக்கைதான் அளவுகோல். உதாரணமாக, வாடகைதாரர் 360 பேரில் 72 பேருக்கு அனுப்பாமல் விட்டு ஒப்பிடலாம். மாதம் 100-க்கு 5 பேர் போவதாக வைத்தால் அந்த 72-இல் நாலு பேர்கூட இல்லை. ஒரு மாதத்தில் எந்த முடிவும் சொல்ல முடியாது. 12 மாதமாவது ஓட்டுங்கள், அல்லது பல கிளைகளைச் சேர்த்துப் பாருங்கள்.

பட்டியலை மாதம் ஒருமுறை கையால் ஏற்றுகிற இடங்களில், போன வாரம் காலி செய்தவருக்கு "தொடர்ந்து இருப்பதற்கு நன்றி" போகும். ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் காலியானவர், ஏலத்துக்குப் போனவர், இறந்தவர் பெயர்களை நீக்குங்கள். காலி செய்பவருக்கு ஒரே ஒரு மெயில் போதும்: பூட்டை எடுக்கவும், தரையைக் கூட்டிப் படம் அனுப்பவும், ஆட்டோபே இந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது.