கீசரை வைஃபை சுவிட்ச்சில் மாட்டித் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

கீசரையோ ரூம் ஹீட்டரையோ போனிலிருந்தே போட்டு அணைக்கலாம் என்று யாராவது விற்க வந்தால், உள்ளே மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற பாகம் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று காட்டச் சொல்லுங்கள். மேல் அட்டையில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். கோயம்புத்தூரில் என் பெற்றோர் வீட்டில் நடந்ததால் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மூட்டுவலி. விடியற்காலையில் எழுந்து கீசரைப் போட்டுவிட்டு, திரும்ப வந்து படுத்து, மறுபடி எழுவது அவருக்குப் பெரும்பாடு. அதனால்தான் ஸ்மார்ட் ஹோம் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர் கீசரைப் பார்த்தார். 3000 வாட்ஸ் என்று அதன் மேலேயே இருக்கிறது. தான் கொண்டுவந்த வைஃபை சுவிட்ச்சைக் காட்டி, "இது ஹெவி டூட்டி மேடம், 16 ஆம்பியர், ஏசியே தாங்கும்" என்றார். பில்லிலும் 16 ஆம்பியர் என்றே எழுதிக் கொடுத்தார்.

சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் குளியலறைப் பக்கம் கருகல் வாடை வருவதாக அம்மா சொன்னார். போய்ப் பார்த்தால் சுவிட்ச் போர்டு ஒரு மூலையில் பழுப்பேறிக் கிடக்கிறது. ஆப்பில் கீசர் அணைந்திருப்பதாகக் காட்டுகிறது, கீசரிலோ சிவப்பு விளக்கு எரிகிறது! மெயினை இறக்கிவிட்டு, எங்கள் தெரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டோம். அவர் வைஃபை சுவிட்ச்சைப் பிரித்து ரிலேயைக் கையில் கொடுத்தார். "அக்கா, இதுல 10 ஆம்பியர்னுதான் போட்டிருக்கு, பாருங்க."

3000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். 10 தாங்கும் ரிலேயில் தினமும் 13 ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறை அணையும்போதும் ரிலேயின் தொடுமுனையில் சின்னதாகத் தீப்பொறி வரும். தாங்காத ரிலேயில் அந்த உலோகம் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு போனில் எத்தனை முறை அணைத்தாலும் அணையாது. ஆப் காட்டுவது நாம் கொடுத்த கட்டளையை மட்டும்தான். மின்சாரம் உண்மையில் ஓடுகிறதா என்று அளக்கும் வசதி இதில் இல்லை. கீசருக்குள் இருந்த தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் தானே அணைக்கும் பாகம்) வேலை செய்ததால் தண்ணீர் கொதிநிலைக்குப் போகவில்லை.

எம்.சி.பி. (மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ஏன் விழவில்லை என்று பலர் கேட்டார்கள். அளவுக்கு மேல் மின்சாரம் போனால்தான் அது விழும். இங்கே ஓடியது கீசருக்குரிய அதே 13 ஆம்பியர். சூடு மட்டும் ஒரே இடத்தில் சேர்ந்தது. தொடுமுனையில் 0.1 ஓம் தடை வந்தாலே அங்கே 17 வாட்ஸ் சூடு உண்டாகும், அதுவும் காற்றுப் புகாத போர்டுக்குள். மின்கசிவைப் பார்த்து அணைக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச்சுக்கும் இது தெரியாது.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முதலில் "உங்க வயரிங் பழசு" என்றார்கள். ரிலேயின் போட்டோவை அனுப்பியதும், "தொடர்ந்து போடாம விட்டுவிட்டுப் போட்டா தாங்கும் மேடம்" என்று மாற்றிப் பேசினார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பொய்யான அளவை எழுதி மாட்டிவிட்டு இப்படிப் பேச எப்படி மனம் வருகிறது? அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

எலக்ட்ரீசியன் செய்து தந்த ஏற்பாடு இதுதான். எம்.சி.பி. பெட்டியிலேயே 25 ஆம்பியர் காண்டாக்டர் (அதிக மின்சாரம் தாங்கும் பெரிய ரிலே மாதிரி) ஒன்று. கீசரின் மின்சாரம் முழுக்க அதன் வழியே போகிறது. வைஃபை சுவிட்ச் அந்தக் காண்டாக்டரைப் போட்டு அணைக்கும் காயிலை (கம்பிச்சுருளை) மட்டும் இயக்குகிறது, அதற்குச் சில வாட்ஸ் போதும். காண்டாக்டர் வாங்கும்போது ஏசி-1 என்ற வரிசையில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள், ஹீட்டருக்கு அதுதான் கணக்கு. ஏசி-3 மோட்டாருக்கானது. கீசர் பக்கத்தில் கையால் அணைக்கும் 16 ஆம்பியர் சுவிட்ச்சும் பழையபடி இருக்கிறது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ரூம் ஹீட்டரை ஸ்மார்ட் பிளக்கில் செருகுபவர்களுக்கு ஒன்று: பிளக் தாங்கினாலும், ஆள் இல்லாத அறையில் அதைத் தூரத்திலிருந்து போடாதீர்கள். மேலே போர்வை விழுந்து கிடப்பது போனில் தெரியாது.

பில், ரிலேயின் போட்டோ, கருகிய போர்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தாயிற்று. பணம் இன்னும் வரவில்லை.