ஆறு போகம் கண்ட எலிவேட்டர் மேடை

ஒட்டுசுட்டானில் நெல் மில் போடும் நண்பன் போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: "மச்சான், எலிவேட்டர் தலைக்கு ஏற ஒரு ஏணி போதாதா? உன்ர மில்லில இருக்கிற மாதிரி மேடை கட்டத்தான் வேணுமா?" அன்று பாதிதான் சொன்னேன். மேடையை வெட்டி ஒட்டின இடத்தில் பெயின்ட் மணமே இன்னும் போகவில்லை. எனக்குக் கோபமும் போகவில்லை. மீதியை எழுதிவிடுகிறேன்.

எங்கள் மில் பரந்தன் பக்கம். நெல்லை மேலே தூக்கிக் கொட்டும் எலிவேட்டரின் தலை, அதாவது மோட்டர் இருக்கும் உச்சி, நிலத்திலிருந்து 22 அடி. முன்பு நேர் ஏணிதான். ஒரு கையில் கிரீஸ் கன், மறு கையில் ஏணிக்கம்பி. அப்படி ஏறியதால் ஏதாவது உடைந்தால் தவிர யாரும் மேலே போகமாட்டார்கள்.

மேடை வந்ததும் மாறியது அதுதான். நடுவில் ஒரு தட்டு வைத்து இரண்டு பகுதியாகப் படி வைத்தார்கள். எங்கள் மெசின் பார்க்கிற அண்ணைக்கு வயது 58. அவர் தினமும் காலையில் மில் ஓடத் தொடங்கியதும் மேலே போய், பெயரிங் பக்கம் காது கொடுத்து நின்றுவிட்டு வருவார். யாரும் சொல்லிச் செய்வதல்ல, படி இருப்பதால் போகிறார். இரண்டாவது சிறுபோகத்தில் ஒரு நாள், பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துத் தகரத்தில் உரசுவதை அவர்தான் கண்டுபிடித்தார். அரை மணித்தியாலத்தில் சரிசெய்தோம். தானிய எலிவேட்டர்களில் தீப்பிடிப்பதற்கும் தூசி வெடிப்பதற்கும் உரசும் பெல்ட்டும் சூடேறும் பெயரிங்கும் முக்கிய காரணங்கள். அந்தப் படி செய்த உதவியை நான் மறக்கமாட்டேன்.

மற்ற நல்லவற்றையும் சொல்ல வேண்டும். மேடையின் ஓரம் முழுக்க 100 மில்லிமீற்றர் உயரத்தில் கால்தகடு நிற்கிறது. கீழே பொடியன்கள் சாக்குப் பிடிக்கிறார்கள், இதுவரை ஒரு நட்டுக்கூட அவர்கள் தலையில் விழவில்லை. படி முடிகிற இடத்துக் கதவு உட்பக்கம் திறந்து தானாகவே மூடிக்கொள்ளும். நான் வலைக்கம்பித் தரை கேட்டேன், மேடை செய்தவர்கள் செக்கர் பிளேட் என்கிற ஓட்டையில்லாத தகடு போட்டார்கள். மார்கழி ஈரத்தில் தவிட்டுத் தூசி அதில் பசையாகி வழுக்கும், சோளகம் வீசினால் உமிச் சாம்பல் வந்து படியும். ஆனால் கீழே ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் தரையில் 20 மில்லிமீற்றர் குண்டு நுழையும் ஓட்டைகூட இருக்கக்கூடாது என்று மெசின் மேடை, படிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14122 சொல்கிறது. மூடிய தகடு போட்டது அவர்கள் பக்கம் நியாயம். தும்புத்தடியால் கூட்டிக்கொள்கிறோம்.

இனி என் கோபம். மோட்டர், வீ பெல்ட், கிரீஸ் நிப்பிள், உள்ளே பார்க்கும் மூடி எல்லாமே தலையின் மேற்குப் பக்கம். மேடை விரிந்திருந்தது கிழக்கே. மேற்கே ஒரு அடி அகலம்தான், அதற்குப் பிறகு தடுப்புக் கம்பி. எலிவேட்டர் விற்றவர்களின் வரைபடத்தில் மோட்டர் கிழக்கே இருந்தது. கரண்ட் வரும் பக்கம் பார்த்து நாங்கள் அதைத் திருப்பிப் பூட்டினோம். மேடை செய்ய வந்தவர்கள் தூண் ஊன்றும் இடத்தை மட்டும் அளவு நாடா பிடித்து அளந்தார்கள், மேலே வரைபடத்தை நம்பினார்கள். ஒருவர் ஒரே ஒரு தடவை அந்த ஏணியில் ஏறி, கையை நீட்டிப் பார்த்திருந்தால் போதும்.

தடுப்புக் கம்பியின் உயரம் 1100 மில்லிமீற்றர், விதிப்படி சரி. அந்த உயரம் ஏன்? நிற்கும் ஆளின் உடற்பாரத்தின் மையம் கம்பிக்குக் கீழே இருந்தால் அவர் சாய்ந்தாலும் கவிழமாட்டார். ஆனால் மூடியின் கடைசி நட்டுக்குக் கை எட்டவில்லை. அண்ணை என்ன செய்தார்? நடுக் கம்பியில் ஒரு காலை வைத்து எழும்பினார். அரை மீற்றர் ஏறியதும் இடுப்பு கம்பிக்கு மேலே. பிறகு அந்தக் கம்பி எதைத் தடுக்கும்? பலமுறை கத்தியிருக்கிறேன். "தம்பி, கம்பியில ஏறாமல் கை எட்டாது" என்பார். உண்மைதான், எட்டாது. கிரீஸுக்கு மட்டும் ஒரு மெல்லிய செப்புக் குழாயை மேடைப் பக்கம் இழுத்து விட்டோம். வீ பெல்ட் மாற்றவும் மூடி கழற்றவும் கைதான் போக வேண்டும்.

இந்தக் காலபோகம் மாசியில், வரிசையில் உழவு மெசின்கள் நெல்லோடு நிற்கிற நேரம், நடுக் கம்பியில் இருந்த தூசியில் அவர் கால் வழுக்கியது. உள்பக்கமாக விழுந்தார். விலா கம்பியில் அடிபட்டுக் கன்றிப்போனது. வெளிப்பக்கம் சரிந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அன்றே மில்லை நிறுத்தினேன். செய்து தந்தவர்களிடம் கேட்டால் "வரைபடப்படி செய்தோம்" என்ற ஒரே பதில். கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் கடைக்காரர் வந்தார். முதலில் அண்ணையை மேலே நிற்கவைத்து, ஸ்பனரைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு நட்டாகத் தொடச் சொன்னார். கை நின்ற இடங்களில் சோக்கட்டியால் கோடு போட்டார். மேற்கே இரண்டு அடி நீட்டி, அடியில் சாய்வுத் தாங்கு கொடுத்து ஒட்டினார். இரண்டு நாளில் வேலை முடிந்தது.

சரி, நண்பனின் கேள்விக்கு வருகிறேன். ஏணி போதாது. படியும் கால்தகடும் கதவும் இப்படியே வை. ஆனால் எங்களுக்கு முதலில் கட்டித் தந்த மேடைக்கு ஐந்து புள்ளியில் ஒன்றுக்கு மேல் கொடுக்க எனக்கு மனமில்லை. பெல்ட்டைக் காப்பாற்றியது அந்தப் படிதான் என்று தெரிந்தும் மனமில்லை. அண்ணையின் விலா இன்னும் நோகிறது.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. வா மச்சான், உன்னுடைய மெசின்காரரையும் கூட்டிக்கொண்டு வா. மேலே ஏறி மோட்டர்ப் பக்கம் நின்று பாருங்கள். பழைய கம்பி நின்ற இடத்தில் வெட்டின தழும்பு தெரியும், அங்கிருந்து அந்தக் கடைசி நட்டு எவ்வளவு தூரம் என்று அவரையே கையை நீட்டிப் பார்க்கச் சொல்.