விலகுவதா, உள்ளேயே இருப்பதா? 2003 ஈராக் போரும் இரண்டு அமைச்சர்களும்

தலைவர் போருக்குத் தயாராகிவிட்டார், நமக்கு மனசு ஒப்பவில்லை. பிரிட்டனில் பிரதமர் டோனி பிளேரின் அமைச்சரவையில் இருவர் இரண்டு வழியில் போனார்கள்.

நேரம்
ராபின் குக் (அவை முன்னவர்): மார்ச் 17, போர் குறித்த நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு முந்தைய நாளே விலகல்.
கிளேர் ஷார்ட் (வெளிநாட்டு உதவிக்கான அமைச்சர்): பிளேரின் போக்கு பொறுப்பற்றது என்று வானொலியில் சொல்லியும் பதவியில் தொடர்ந்தார், விலகியது மே 12.

கிடைத்தது
குக்: அவையில் ஒரு பேச்சு. கைதட்டும் வழக்கமே இல்லாத அந்த அவையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் ஆளும் தொழிலாளர் கட்சியின் 139 எம்.பி.க்களே, போருக்கான காரணம் இன்னும் நிரூபணமாகவில்லை என்று அரசின் தீர்மானத்துக்கு வந்த திருத்தத்துக்கு வாக்களித்தார்கள். போர் நிற்கவில்லை, சரி, எதிர்ப்பு பதிவானது.
ஷார்ட்: ஈராக் சீரமைப்பில் ஐ.நா.வுக்கு இடம் என்ற பிளேரின் உறுதிமொழி. அது காப்பாற்றப்படவில்லை என்றே வெளியேறினார்.

கட்சியில்
குக்: கடைசிவரை தொழிலாளர் கட்சி எம்.பி.
ஷார்ட்: 2006-இல் சுயேச்சை.

போரே தவறு என்பவருக்குக் குக்கின் வழிதான். போர் நிச்சயம், இனி அங்குள்ள மக்களுக்கு உதவி போய்ச் சேரட்டும் என்பவர் உள்ளே இருப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் வாய்மொழி உறுதியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.