அக்கார்டியன் பெட்டிக்குள் 15 தட்டுகள்

பிரபலப் பாட்டுகளின் மெட்டில் கேலி வரிகளைப் போட்டுப் பாடும் (பாரடி) அமெரிக்கப் பாடகர் 'வியர்ட் ஆல்' யாங்கோவிக்கின் 14 ஸ்டூடியோ ஆல்பங்களும், அவற்றில் சேராத அரிய பதிவுகளுக்கென ஒரு தட்டும் சேர்ந்ததுதான் 2017-இல் வந்த 'ஸ்க்வீஸ் பாக்ஸ்'. பெட்டியே அக்கார்டியன் (துருத்தியை விரித்து மடக்கி வாசிக்கும் இசைக்கருவி) வடிவில் இருக்கும். 2019-இல் இதற்குக் கிடைத்த கிராமியும் அந்த வடிவமைப்புக்குத்தான். பார்க்க அழகு, அலமாரியில் செருகி வைக்கத் தோதுப்படாது.

1983-இன் முதல் ஆல்பத்தில் தொடங்கினால் பலருக்கு அலுப்புத் தட்டும். எங்கும் அக்கார்டியன், ஒலியும் மெலிவு. அதிலுள்ள 'அனதர் ஒன் ரைட்ஸ் தி பஸ்' 1980-இல் டாக்டர் டிமென்டோவின் வானொலி நிகழ்ச்சியில் நேரடியாகப் பாடியது. டிரம்ஸ் கிடையாது, டிரம்மர் ஜான் ஷ்வார்ட்ஸ் அக்கார்டியன் வைக்கும் பெட்டியைத் தட்டித் தாளம் போடுகிறார். எந்த ரீமாஸ்டரும் (பழைய ஒலிப்பதிவை மெருகேற்றும் வேலை) அதைப் பளபளப்பாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம்.

1992-இன் 'ஆஃப் தி டீப் எண்ட்'டில் தொடங்குங்கள். அதற்கு முந்தைய ஆறு ஆல்பங்களுக்கும் ரிக் டெரிஞ்சர் தயாரிப்பாளர். இதிலிருந்துதான் ஆல் தானே பொறுப்பேற்றார். மூலப்பாட்டின் கிடார் தொனியும் டிரம்ஸ் அடியும் அச்சு அசலாக விழுவதைக் கவனிக்கலாம். மூலத்தை ஒருமுறை கேட்டுவிட்டு உடனே பாரடியைப் போட வேண்டும். இல்லையென்றால் வரிகள் மட்டும்தான் காதில் விழும். எந்த அசையை எங்கே மாற்றிச் சந்தம் சிதையாமல் உட்கார வைத்தார் என்பது தப்பிவிடும். பிறகு 1984, 1996, 2006 என்று போகலாம். 1986-இன் 'போல்கா பார்ட்டி' விற்பனையிலும் சறுக்கியது, கடைசிக்கு வையுங்கள். போல்கா கதம்பம் (பல ஹிட் பாட்டுகளைப் போல்கா என்ற துள்ளல் நடனத் தாளத்தில் கோத்தது) பிடித்தவர்கள் முதல் ஆல்பத்திலும் 1988-இன் 'ஈவன் வொர்ஸ்'ஸிலும் தேட வேண்டாம், அங்கே இல்லை.

சட்டப்படி தேவையில்லாவிட்டாலும் மூலக் கலைஞரிடம் அனுமதி கேட்பது ஆலின் வழக்கம். அமெரிக்கப் பாப் பாடகர் பிரின்ஸ் கடைசிவரை தரவில்லை. அதனால் பிரின்ஸ் பாட்டுக்கு நேரடிப் பாரடி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் 1993-இன் 'டிராஃபிக் ஜாம்' கேளுங்கள்: மெட்டு ஆலுடையது, பாணி முழுக்கப் பிரின்ஸ்! பாணியைப் போலி செய்யும் இந்த வகைதான் என் கணக்கில் பெட்டியின் நிஜமான சரக்கு.

குறை என்றால், தட்டுகளில் ஒலி மட்டும்தான். மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' பாட்டைக் கேலி செய்யும் 'ஃபேட்' பாட்டின் நகைச்சுவையில் பாதி அதன் வீடியோவில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: 1992 ஆல்பம் முதலில் சிடியாக வந்தபோது, கடைசிப் பாட்டுக்குப் பின் பத்து நிமிட அமைதி, அப்புறம் காதைக் கிழிக்கும் ஒரு கூச்சல். அந்தச் சிடியைத் தூங்கப்போகும் நேரத்தில் போடாதீர்கள்.